சார்ஜன் ராஜாவின் சம்சாரம்

இரவில் தனியாக டாக்சியில் போக எனக்குப் பயம். இருபத்திரண்டு வயதில் பயந்தேன், பேரன் எடுத்த பிறகும் பயப்படுகிறேன். இதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் எதுவும் இல்லை. பயந்துகொண்டே ஏறியிருக்கிறேன், பயந்துகொண்டே இறங்கியிருக்கிறேன். பயந்துபோய் ஏறாமல் நின்றது மட்டும் கிடையாது. வெட்கப்பட வேண்டியது ஏறிய பிறகு நான் செய்த காரியத்துக்குத்தான். அதை நான் சொல்லாவிட்டாலும் எங்கள் குடும்பத்தில் யாராவது சொல்லிவிடுகிறார்கள். அவர்கள் சொல்லும்போது வருஷத்துக்கு வருஷம் மசாலா கூடிக்கொண்டே போகிறது. ஆகவே நானே எழுதிவிடுகிறேன்.

எழுபதுகளின் கடைசி. கேமரன் மலையில், ரிங்லெட் என்ற சிற்றூரைத் தாண்டி ஒரு தேயிலை எஸ்டேட்டில் எங்கள் வீடு. அம்மா கொழுந்து பறிக்கப் போவார். அண்ணன் தனபாலன் தேயிலை ஃபேக்டரியில் வேலை. அப்பா தவறிய பிறகு அண்ணன் தன்னை அப்பாவாகவே நியமித்துக்கொண்டார். (சம்பளமில்லாத பதவி, ஆனால் அதிகாரம் நிறைய.) நான் ஐந்தாம் படிவம் முடித்து, டைப்பிங் கற்றுக்கொண்டு, மலைக்குக் கீழே தாப்பாவில் ஒரு லாயர் ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்தேன். வார நாட்களில் அத்தை வீட்டில் தங்கல், சனிக்கிழமை பஸ் பிடித்து வீடு. எங்கள் லைன் வீடுகளிலிருந்து மலையிறங்கி ஆபீஸ் வேலைக்குப் போன முதல் பெண் நான்தான். அந்தக் காலத்தில் நான் நடந்த நடையைப் பார்த்தால் மலாயா ரயில்வேயையே நான்தான் நடத்துகிறேன் என்று தோன்றும்.

அண்ணன் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார்.

"சனிக்கெழம பொழுது சாயறதுக்குள்ள வூட்ல இருக்கணும். ஒரு நாளு தப்புனாலும் வேலைய விட்டுட்டு அம்மாகூட கொழுந்துக்குப் போயிடு. ஒத்தப் பொம்பளப் புள்ள ராத்திரியில டாக்சியில வந்து எறங்குனா எஸ்டேட்டே சிரிக்கும்லா."

எட்டு மாதம் நிபந்தனை தப்பவில்லை. ஒன்பதாவது மாதம் ஒரு சனிக்கிழமை, அரை நாளோடு முடிய வேண்டிய ஆபீஸ் முடியவில்லை. ஒரு நிலத் தகராறு பத்திரத்தில் கட்சிக்காரரின் பெயரை நான் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை தப்பாக அடித்திருந்தேன். எல்லாவற்றையும் மறுபடி அடித்து முடிப்பதற்குள் கடைசி பஸ் போய்விட்டது. அத்தையோ வீட்டைப் பூட்டிக்கொண்டு ஈப்போவில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். வேறு வழியில்லை, டாக்சிதான்.

ஆபீஸில் மூத்த டைப்பிஸ்ட் லெட்சுமி அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். கைப்பையிலிருந்து பெரிய ஊக்கு ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

"இத விரல்லேயே வச்சிரு. பின் சீட்டுல உக்காரு. ஆளு சரியில்லன்னு தோணுச்சின்னா, என் வீட்டுக்காரரு போலீஸ்ல இருக்காருன்னு சொல்லிடு. அப்புறம் ஒரு பய வாயத் தொறக்க மாட்டான்."

டாக்சி நிற்கும் இடத்துக்குப் போனபோது இருட்டி, மழையும் பிடித்துக்கொண்டது. பழைய டீசல் மெர்சிடிஸ் ஒன்று மட்டும் நின்றது. நாலு பேர் சேர்ந்தால்தான் கிளம்புவார்கள். முக்கால் மணி நேரம் காத்திருந்தும் என்னைத் தவிர ஒருவரும் வரவில்லை. டிரைவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும், தமிழர்.

"எனக்கும் வூடு ரிங்லெட்தான். ஏறு தங்கச்சி, போலாம்" என்றார்.

ஏறினேன். காருக்குள் ஒரு ஜெபமாலை தொங்கியது. அதைப் பார்த்து நிம்மதி அடைந்திருக்க வேண்டும். நான் நினைத்ததோ, கெட்டவன்தான் இப்படி மாட்டி வைப்பான் என்று. (கணபதி படம் மாட்டியிருந்தாலும் அதேதான் நினைத்திருப்பேன்.)

தாப்பாவிலிருந்து மலையேறும் பாதையில் நேராக நூறு அடி கிடையாது. இரண்டு பக்கமும் காடு. எப்போதாவது எதிரே வரும் காய்கறி லாரியின் வெளிச்சம் தவிர வேறு வெளிச்சமும் இல்லை. டிரைவர் அடிக்கடி கண்ணாடியில் என்னைப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் நான் ஊக்கை இறுக்கிப் பிடித்தேன். அது என் விரலில்தான் குத்தியது.

பாதி மலையில், அருவி கொட்டும் இடத்தில் காரை நிறுத்தினார். ஒன்றும் பேசாமல் இறங்கிப் பின்பக்கம் போய் டிக்கியைத் திறந்தார். எதையோ உருட்டும் சத்தம். கத்தி, கயிறு, கோணி என்று டிக்கிக்குள் என்னென்ன இருக்கும் என்பதை நான் வரிசையாக டைப் அடித்துக்கொண்டிருந்தேன், இந்தத் தடவை ஒரு பிழையும் இல்லாமல். அவர் எடுத்தது ஒரு பிஸ்கட் டின். அதில் அருவித் தண்ணீரைப் பிடித்து, கொதித்துக்கொண்டிருந்த எஞ்சினுக்கு ஊற்றினார். அது எனக்குப் புரிவதற்கு முன்பே அவர் திரும்பி வந்து கதவைச் சாத்திவிட்டார். என் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"என் வீட்டுக்காரரு போலீஸ்ல இருக்காரு."

டிரைவர் திரும்பிப் பார்த்தார். "அப்படியா? எந்த ஸ்டேசன்?"

லெட்சுமி அக்கா இதற்குமேல் சொல்லித் தரவில்லை.

"ரிங்லெட்."

"நம்ம ரிங்லெட்டா? பேரு என்னா?"

"ராஜா. சார்ஜன் ராஜா." (போலீஸ் சார்ஜெண்டை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்.)

"எனக்குத் தெரியாம ரிங்லெட்ல ஒரு சார்ஜனா?"

"போன வாரந்தான் மாத்திக்கிட்டு வந்தாரு."

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் பயந்தவளுக்குப் பொய் ருசித்துவிட்டால் நிறுத்த வராது. அவர் இன்னும் கொஞ்சம் பயப்படட்டும் என்று அள்ளி வீசினேன்.

"ரொம்பக் கோவக்காரரு அண்ணே. எஸ்டேட்டுல எல்லாருக்கும் அவரக் கண்டா பயம். முன்ன பின்ன பாக்க மாட்டாரு, பாஞ்சிடுவாரு. முந்தாநாளு கூட தபால்காரர விரட்டிக்கிட்டுப் போயி சட்டையக் கிழிச்சிட்டாரு."

டிரைவர் கியரை மாற்றினார். இரண்டு மூன்று வளைவு தாண்டிய பிறகு மெதுவாகக் கேட்டார்.

"ஒன்னையும் அடிப்பானா?"

'அடிப்பாரா' போய் 'அடிப்பானா' வந்ததை நான் கவனிக்கவில்லை. கோபக்காரர் என்று சொன்ன பிறகு இல்லை என்றால் நம்புவாரா என்று, "அப்பப்ப" என்றேன்.

"சார்ஜனுக்கு ஸ்டேசன் பின்னாலதான வூடு? நீ எஸ்டேட்டுக்குல்ல போவணும்னே?"

"அம்மா வீட்டுக்குப் போறேன்."

"இந்த நேரத்துல. மழையில. ஒத்தையில."

"ஆமா."

அதற்குப் பிறகு ரிங்லெட் வரும்வரை அவர் வாயைத் திறக்கவில்லை. நான் சீட்டில் சாய்ந்து உட்கார்ந்தேன். ஆள் அடங்கிவிட்டான், போலீஸ்காரர் பெண்டாட்டி என்றால் சும்மாவா என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை. இல்லாத கணவர் மீது கொஞ்சம் அன்பு கூட வந்துவிட்டது.

ரிங்லெட் கடைத்தெரு வந்தது. நேராகப் போய் எஸ்டேட் பக்கம் ஏற வேண்டிய கார், சட்டென்று வேறு பக்கம் திரும்பியது.

"அண்ணே, எஸ்டேட்டுக்கு அந்தப் பக்கம்."

"தெரியும்."

"எங்கண்ணே போறீங்க?"

"பேசாம இரு தங்கச்சி. இன்னிக்கு இதுக்கு ஒரு முடிவு கட்டிடுறேன்."

அந்த வாக்கியத்தைக் கேட்டு எந்தப் பெண்ணாவது தெம்பாக உட்கார்ந்திருந்தால் அவளை எனக்குக் காட்டுங்கள். கதவின் கைப்பிடியைப் பிடித்து இழுத்தேன். அதற்குள் கார் நின்றது. எதிரே போலீஸ் ஸ்டேசன் விளக்கு. எப்படியோ தப்பித்தோம் என்று குதித்து, செருப்பு ஒன்று காரிலேயே கிடக்க, உள்ளே ஓடி மேசைமேல் கையை வைத்துக் கத்தினேன்.

"என்னக் காப்பாத்துங்க."

பின்னாலேயே ஓடி வந்த டிரைவரும் கத்தினார்.

"இந்தப் புள்ளையக் காப்பாத்துங்க."

மேசைக்குப் பின்னால் இருந்த மலாய்க்கார போலீஸ்காரர் இளவயது. பேனாவைக் கையில் எடுத்தவர், யாரிடமிருந்து யாரைக் காப்பாற்றுவது என்று தெரியாமல் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். டிரைவர் அவருக்கு மலாயிலும், பிறகு ஊருக்கே கேட்கிற மாதிரி தமிழிலும் சொன்னார்.

"ஒங்க சார்ஜன் ராஜா இந்தப் புள்ளைய அடிச்சி நடுராத்திரியில அம்மா வூட்டுக்குத் தொரத்தியிருக்கான். எனக்கு மூணு தங்கச்சிங்க. சார்ஜனா இருந்தா எனக்கென்னா, கூப்புடுங்க அவன."

(மணி ஒன்பதுகூட ஆகவில்லை. கோபத்தில் அவர் நடுராத்திரி ஆக்கிவிட்டார்.)

அப்போதுதான் மூலையில் இருந்த பெஞ்சிலிருந்து ஒருவர் எழுந்தார். என் அண்ணன் தனபாலன். பஸ்ஸில் நான் வராததால் மோட்டார் சைக்கிளில் தேடிக்கொண்டு வந்து, என்னைக் காணவில்லை என்று எழுதிக் கொடுக்க உட்கார்ந்திருந்தவர். மழையில் நனைந்து, கண் சிவந்திருந்தது. என்னைப் பார்த்த சந்தோஷம் அவர் முகத்தில் ஒரு நொடி நின்றது. அடுத்த நொடி டிரைவர் சொன்னது காதில் ஏறிவிட்டது.

"எவன்டா அவன், என் தங்கச்சிய அடிச்சவன்?" என்று மேசையை நோக்கிப் பாய்ந்தவர், பாதியில் நின்றார். "இரு. ஒனக்கு எப்ப கல்யாணம் ஆச்சி?"

போலீஸ்காரர் பதிவேட்டைப் புரட்டிவிட்டு, இங்கே ராஜா என்று சார்ஜனும் இல்லை, கான்ஸ்டபிளும் இல்லை, தோட்டக்காரன்கூட இல்லை என்று மலாயில் அமைதியாகச் சொன்னார். மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

சொல்ல வேண்டியதாகிவிட்டது. லெட்சுமி அக்கா, ஊக்கு, அருவி, பிஸ்கட் டின் எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணன் கேட்டார்.

"சரி, அந்தப் பேரு எங்கேருந்து புடிச்ச?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அண்ணனே கண்டுபிடித்துவிட்டார்.

"தபால்காரரு சட்டையக் கிழிச்ச ராஜாவா? எஸ்டேட் ஆபீஸ் பெரிய கிராணி வூட்டு நாய்லா அது."

போலீஸ்காரருக்கு டிரைவர் அதை மலாயில் மொழிபெயர்த்தார். அந்த மனிதர் பேனாவை வைத்துவிட்டு, தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

அண்ணன் சிரிக்கவில்லை. "போதும். திங்கக்கெழமையிலேருந்து வேலை கெடையாது" என்றார்.

அதுவரை செருப்பில்லாத ஒற்றைக் காலை இன்னொரு காலுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றவள்தான் நான். என்ன வந்ததோ, அந்தக் காலை நன்றாகத் தரையில் ஊன்றினேன்.

"வேலையிலேருந்து எதுக்கு நிக்கணும்? நான் என்னா தப்பு பண்ணேன்? வேலை முடிய நேரமாச்சி, டாக்சியில வந்தேன். நீங்க ராத்திரி ஷிப்டு முடிச்சிட்டு வரயில யாரு புருசன்னாவது சொல்லிக்கிட்டு வரீங்களா? நான் ஒரு நாயக் கட்டிக்கிட்டாத்தான் வீடு வந்து சேர முடியும்னா, அதுக்கு என்னைய ஏன் வேலைய விடச் சொல்றீங்க? திங்கக்கெழம நான் போவேன். நேரமாச்சின்னா டாக்சியிலதான் வருவேன்."

குரல் நடுங்கியது உண்மை. ஆனால் ஒரு வார்த்தையையும் நான் திரும்ப வாங்கவில்லை. அண்ணன் பதில் தேடினார். தேடுவதற்கு உதவியாக டிரைவரைப் பார்த்தார், டிரைவர் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார்.

பிறகு அதே டாக்சியில் எஸ்டேட்டுக்குப் போனோம். அண்ணன் மோட்டார் சைக்கிளில் முன்னால் போனார். வழியில் டிரைவர் (பெயர் அந்தோணிசாமி என்று அப்போதுதான் கேட்டுக்கொண்டேன்) தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"தங்கச்சி, என்னையப் பாத்தா அவ்ளோ மோசமான ஆளாவா தெரியுது?"

"ஒங்க மொகத்தையே நான் சரியாப் பாக்கல அண்ணே. ஆனா நீங்க என்னையப் பாத்துக்கிட்டே வந்தீங்க."

"வளைவுல செல பேரு வாந்தி எடுத்துடுவாங்க. நீ வேற கையில எதையோ இறுக்கிப் புடிச்சிக்கிட்டு வெளுத்துப் போயி உக்காந்திருந்த. குதிச்சிடுவியோன்னு எனக்குப் பயம்லா."

ஒரே காரில் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துப் பயந்துகொண்டே மலையேறியிருக்கிறோம்.

வீட்டில் அண்ணன் அம்மாவிடம் வழக்கை எடுத்து வைத்தார். அம்மா கடைசிவரை கேட்டார். நாய் வந்த இடத்தில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு எனக்குச் சோற்றைப் போட்டுக்கொண்டே, "புள்ள வந்து சேந்துட்டால்லடா. அப்புறம் என்னா ஒனக்கு? அவ போவட்டும்" என்றார். திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில் நான் தாப்பாவுக்கு இறங்கினேன். லாயர் ஆபீஸில் இன்னும் பதினோரு வருஷம் டைப் அடித்தேன். அதில் எத்தனையோ இரவுகள் டாக்சியில்தான் வந்தேன், எல்லாம் அந்தோணி அண்ணன் டாக்சியில் இல்லை.

நாலு வருஷம் கழித்து ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியரை நிஜமாகவே கட்டிக்கொண்டேன். பந்தியில் அந்தோணி அண்ணன் மாப்பிள்ளை கையைக் குலுக்கி, "ரெண்டாவது புருசன்னு வருத்தப்படாதீங்க சார், மொத ஆளு நல்லவருதான்" என்றார். விஷயம் தெரியாத என் மாமியார் சாப்பாட்டிலிருந்து எழுந்துவிட்டார். அவரை உட்கார வைக்க என் அண்ணன் நாய்க் கதையை மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது. அன்றிலிருந்து இன்றுவரை என் வீட்டுக்காரர் புதிதாக யாரைப் பார்த்தாலும் தன்னை என் இரண்டாவது கணவர் என்றுதான் அறிமுகப்படுத்திக்கொள்கிறார்.

என் சின்ன மகள் இப்போது கோலாலம்பூரில் வேலை செய்கிறாள். வேலை முடிய நேரமாகும். காரில் ஏறி உட்கார்ந்ததும் எனக்குப் போன் போட்டு, டிரைவர் காதில் விழும்படி சத்தமாகக் கேட்பாள்.

"அம்மா, ராஜா மாமா வீட்டுல இருக்காரா? ஸ்டேசன்லேருந்து வந்துட்டாரா?"

"வந்துட்டாருமா. வாசல்லதான் நிக்கிறாரு" என்பேன் நானும்.

பக்கத்தில் உட்கார்ந்து கேட்கும் அவள் அப்பா சிரிப்பார். வீட்டுக்குள் போய்ப் பூட்டிவிட்டேன் என்று அவள் சொல்கிறவரை நான் போனை வைக்கமாட்டேன். சார்ஜன் என்றால் இப்போது யாரும் பயப்படுவதில்லையாம். போன வருஷம் ராஜா மாமாவை இன்ஸ்பெக்டர் ஆக்கிவிட்டாள்.