நான் பூட்டிய யூஎஸ்பி பிளக்

எங்கள் ஊரில் ஒருவர் ‘வாறன்’ என்று சொன்னால் அவர் போகிறார் என்று அர்த்தம். புத்தூரில் பிறந்து வளர்ந்து தலையும் நரைத்த எனக்கு இது தெரியாதா? நன்றாகவே தெரியும். ஆனாலும் வயரிங் வேலை செய்யும் தவம் அண்ணை, “ஓம் தம்பி, அப்ப வாறன்” என்று போனை வைத்தபோது, அவர் என் வீட்டுக்கு வரப்போகிறார் என்று நம்பினேன். மூன்று வாரம் நம்பினேன். அவர் விடைபெற்றிருக்கிறார் என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது. அந்தக் கோபத்தில் ஸ்குரூ டிரைவரை நானே கையில் எடுத்தேன்.

என் தங்கை சுகந்தி பிரான்ஸில் இருக்கிறாள். அவளுடைய அகதி வழக்கு முடியவில்லை. இங்கே வந்தால் திரும்பப் போக முடியாது. அம்மா படுக்கையில் விழுந்த பிறகு தினமும் வீடியோவில் வருவாள். அதற்கென்று அம்மாவுக்கு ஒரு பழைய போன். சிம் கிடையாது, வீட்டு வைஃபை மட்டும்தான். இருவரும் கதைக்கிற கதைக்கு அதன் சார்ச் போதாது. சரியாக முக்கியமான கட்டத்தில் (அதாவது, என் மனைவி கலாவைப் பற்றி அம்மா முறைப்பாடு சொல்லத் தொடங்கும் கட்டத்தில்) அணைந்துவிடும். கலா இதை ஒரு குறையாகச் சொன்னதேயில்லை.

எனவே டவுனுக்குப் போய் ஒரு யூஎஸ்பி பிளக் வாங்கி வந்தேன். சுவரில் பூட்டுகிற வழக்கமான மூன்று கண் பிளக்தான். பக்கத்தில், போன் வயரை நேரே செருகுவதற்கென்று இரண்டு சின்ன வாய்கள். யூடியூப்பில் ஒருவர் எட்டு நிமிடத்தில் அதைப் பூட்டினார். எனக்கு ஒரு பகல் முழுக்கப் பிடித்தது. சுவருக்குள் இருந்த இரும்புப் பெட்டி அந்தக் காலத்தது, ஆழமில்லை. புதுப் பிளக்குக்கோ முதுகு பெரிது. வயர்களை மடித்து, திணித்து, முழங்கையால் அமத்திப் பிடித்துக்கொண்டு ஸ்குரூவை இறுக்கினேன். உள்ளே ஏதோ ‘நறுக்’ என்றது. சரியாகப் பொருந்திய சத்தம் என்று முடிவு செய்தேன்.

மெயினைப் போட்டதும் பிளக்கில் ஒரு சின்ன நீல வெளிச்சம் வந்தது. அம்மா கட்டிலில் கிடந்தபடி பார்த்தா. “உது என்னத்துக்கடா முழிச்சுப் பாக்குது?” என்று கேட்டா.

நாலாம் நாள் அம்மா போய்விட்டா. (பிளக்கினால் அல்ல. அம்மாவின் தம்பி சின்ன மாமா இதை இன்றுவரை முழு மனதோடு ஒப்புக்கொள்ளவில்லை.)

செத்தவீட்டன்று கட்டில் கிடந்த அதே ஹோலில் அம்மாவின் சவப்பெட்டி. அதன் தலைமாட்டில் ஒரு ஸ்டூல், ஸ்டூலில் அம்மாவின் போன், போனில் சுகந்தி. எங்களில் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை, வாசல் படலையோடு நின்றுவிடுவார்கள். அந்தப் படலை வரைக்கும் சுகந்திக்கும் உரிமை இருந்தது. பெட்டி மூடுமுன் அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது. அவளுக்காகக் கலா வாய்க்கரிசி போடுவதாக ஏற்பாடு; அதே நேரம் தானும் போடவென்று அங்கே அவளும் ஒரு பிடி அரிசியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

போனில் நாற்பது வீதம் சார்ச் இருந்தது. நான் கண்ணால் பார்த்தேன். அது தாராளமாகப் போதும். ஆனால் சின்ன மாமா பக்கத்தில் வந்து, “போன் இடையிலை நிண்டிடாதோ?” என்று கேட்டுவிட்டார்.

“நிக்காது மாமா. அதுக்கெண்டுதானே பிளக் பூட்டினனான். ஆளைக் கூப்பிடேல்லை, நானே பூட்டினனான்.”

பெற்ற தாயைப் பெட்டியில் வைத்துக்கொண்டு ஒருவன் சொல்லக்கூடிய பேச்சா இது? சொன்னேன். சொன்னதோடு நிற்காமல் வயரை எடுத்து, பிளக்கின் வாயில் வைத்து, பெருமையோடு நன்றாக அமத்தினேன்.

‘டப்.’

மின்விசிறிகள் நின்றன. ஐயரின் மைக் நின்றது. வைஃபைப் பெட்டியின் வெளிச்சங்கள் அணைந்தன. போனில் சுகந்தியின் முகம் வாய் பாதி திறந்தபடி உறைந்தது. பிறகு அந்த முகமும் இல்லை, ஒரு வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

நான் கொள்ளி வைக்க வேண்டியவன். தலையில் தண்ணீர் வார்த்து ஈர வேட்டியோடு நின்றவன். அப்படியே ஓடிப்போய் ட்ரிப் சுவிட்சைத் தூக்கினேன். விழுந்தது. மறுபடி தூக்கினேன். மறுபடி விழுந்தது. மூன்றாவது முறை சின்ன மாமா என் கையைப் பிடித்து இழுத்தார்.

“எடடா கையை! ஒரு நாளைக்கு ஒரு செத்தவீடு காணும்!”

வாசலில் இருந்த பந்தல் சனம் சிரிப்பை அடக்கியது எனக்குக் கேட்டது. கலாதான் புத்தியாக, “ஆரிட்டையும் டேட்டா இருக்கோ?” என்று ஓடினாள். ஒருவர் போனைக் கொடுத்தார். சுகந்தியின் நம்பரைத் தேடி எடுத்தால் அவளுடைய லைன் ஓயாமல் பிஸி. அங்கே அவள் அம்மாவின் போனுக்கே திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டிருந்தாள். ஐயர் நேரம் போகிறது என்றார். பெட்டியை மூடினார்கள். லைன் கிடைத்தபோது கலா படலையில் நின்று போனை உயர்த்திப் பிடித்தாள். சுகந்தி கண்டது அம்மாவை ஏற்றிய வண்டியின் பின்பக்கத்தை. கொள்ளிச்சட்டியோடு முன்னால் நடந்த நான் திரும்பிப் பார்க்கவும் கூடாது.

மறுநாள் தவம் அண்ணை துக்கம் விசாரிக்க வந்தார். (ஒருவழியாக வந்தார்.) பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். ஸ்குரூ வயரின் தோலை நசித்து, செம்பு இரும்புப் பெட்டியில் முட்டிக்கொண்டிருந்தது.

“தம்பி, நீர் பூட்டினது பிளக் இல்லை, பொறி” என்றார். பிறகு எழுந்து, ஒன்றும் சொல்லாமல் நடந்தார். செத்தவீட்டிலிருந்து போகிறவர்கள் ‘வாறன்’ என்று சொல்லக்கூடாது. அன்றுதான் அவர் முதன்முறையாக என்னிடம் அந்தச் சொல்லைச் சொல்லாமல் போனது.

சுகந்திக்குப் போன் எடுக்க எனக்கு மூன்று நாள் பிடித்தது. வெட்கம்தான், வேறொன்றுமில்லை.

“பிள்ளை, என்னிலை கோவிக்காதை.”

லைன்தான் வெட்டிவிட்டதோ என்று பார்த்தேன்.

“செத்தவீட்டிலை ஆரும் சொல்லிக்கொண்டு போறேல்லைத்தானே அண்ணை” என்றாள். “நானும் சொல்லாமல்தான் போனனான். எல்லாம் முறையாத்தான் நடந்திருக்கு.”

சிரிக்கத்தான் தொடங்கினாள். முடிக்கும்போது அது சிரிப்பாக இருக்கவில்லை. பிறகு சொன்னாள்: “அந்தப் பிடி அரிசி கிடக்கு அண்ணை. கொட்ட மனமில்லை, சமைக்கவும் ஏலாது.”

இன்று எங்கள் ஊரில் கறண்ட் போனால், “அண்ணை எங்கேயோ பிளக் பூட்டுறார்” என்று அயல் சனம் என்னைச் சொல்லும். சுகந்தி ஞாயிறுதோறும் எடுப்பாள். பாதிக் கதையில் டக்கென்று வெட்டிவிட்டு, ‘ட்ரிப் விழுந்திட்டுது அண்ணை’ என்று மெசேஜ் போடுவாள். எல்லோரும் சிரிப்போம். போன ஞாயிறு மட்டும் வெட்டாமல், “சரி அண்ணை, வாறன்” என்று வைத்தாள்.

கலா நிமிர்ந்து பார்த்தாள். “எந்த வாறன்?”

வழக்கு இன்னும் முடியவில்லை.

“தவம் அண்ணையின்ரை வாறன்தான்” என்றேன்.