ஒரு சாமான் குறைந்த டபிள் டெக்கர்

முதலில் ஒரு நல்ல விஷயத்தைச் சொல்லி வைத்துவிடுவோம். பிறகு அதற்கு இடம் கிடைப்பது கஷ்டம்.

வெள்ளையம்மா களுபோவில ஆஸ்பத்திரியில் பதினேழு நாள் படுத்திருந்தாள். கொட்டாஞ்சேனையில் தகர வேலை செய்யும் அவளுடைய புருஷன் இராமரால் பின்னேரம் மட்டும்தான் போய்ப் பார்க்க முடிந்தது. ஆனால் ஒவ்வொரு நாளும் விடியும்போது அவளுடைய கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்க் கஞ்சி சுடச்சுட இருந்தது. யார் வைத்தது என்று அவளுக்குத் தெரியாது. வீட்டுக்குப் போகத் துண்டு வெட்டிய நாளில்தான் வார்டைக் கூட்டுகிற பெண் சொன்னாள்: “மெலிஞ்ச முஸ்லிம் நானா ஒருத்தர். தொப்பி போட்டவர், கையெல்லாம் கிறீஸ். நீங்க தூங்கேக்க வந்து வச்சிட்டுப் போவார்.” விடியற்காலையிலேயே கையில் கிறீஸோடு திரிகிற தொப்பிக்காரர் இராமருக்குத் தெரிந்து ஒருவர்தான். வெள்ளவத்தை ஜவாத் நானா. இராமர் போய்க் கைகூப்பியபோது அவர், “எந்தக் கஞ்சி?” என்று கேட்டுவிட்டு பஸ்ஸுக்கு அடியில் புகுந்துகொண்டார்.

நல்லது சொல்லி முடிந்தது. இனி ஆளைப் பார்ப்போம்.

உலகத்தில் சாமானை உடைப்பவர்கள் உண்டு, உடைந்ததை எறிபவர்கள் உண்டு, எறிந்ததைப் பொறுக்கி விற்பவர்கள் உண்டு. இவர்களெல்லாம் சாதாரண மனிதர்கள். இவர்களுக்கு மேலே, கொஞ்சம் உயரத்தில், தனியாக ஓர் இனம் இருக்கிறது. ‘ஒரே ஒரு சாமான்தான் குறை’ இனம். எதையாவது பழையதொன்றைப் பிடித்து, அதைக் கழற்றி, துடைத்து, மினுக்கி, பூட்டி, இன்னும் ஒரே ஒரு சாமான் வந்துவிட்டால் முடிந்தது என்று சொல்லி, அந்தச் சாமான் வந்ததும் அதற்குப் பக்கத்துச் சாமானைப் பார்த்து முகம் சுளிக்கிற இனம். இவர்களில் சிலர் ரேடியோ வைத்திருக்கிறார்கள். சிலர் மணிக்கூடு. ஜவாத் நானா வைத்திருந்தது சிவப்பு நிற டபிள் டெக்கர் பஸ். சின்னதாக ஆசைப்பட அந்த மனிதருக்குத் தெரியாது.

அந்த இரட்டைத்தட்டு பஸ் லண்டனில் பிறந்து, கொழும்பில் உழைத்து, ஓய்வு பெற்றபின் கொலன்னாவையில் ஒரு காணிக்குள் கோழிக்கூடாக நின்றது. கோழிகளுக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. ஜவாத் நானாவுக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு குறை தெரிந்தது. எட்டு வருஷத்துக்கு முன் அதை வாங்கி, சில்லும் டயரும் இல்லாமல், மேல்கூரையும் இல்லாமல், சின்ன உருளை பூட்டிய இரும்புச் சட்டமொன்றில் வைத்து இழுத்து, கொட்டாஞ்சேனையில் ஒரு பழைய கொப்பறா ஸ்டோர் வளவுக்குள் கொண்டுவந்து நிறுத்தினார். வளவுக்கு ஒரே ஒரு வாசல். வாசலுக்கு மேலே கொங்கிரீட் பீம். பீமுக்கு மேலே பலீலா என்ற பெண் சமைக்கிற குசினி. இந்த மூன்று வசனங்களையும் மறந்துவிடாதீர்கள். எட்டு வருஷம் அவர்கள் எல்லாரும் மறந்திருந்தார்கள்.

மகள் ஹிபாவின் கலியாணத்துக்கு மணமகளை மேல்தட்டில் இருத்தி வெள்ளவத்தை முழுக்கக் கொண்டுபோவதாகத்தான் பேச்சு. கலியாணத்துக்கு நான்கு மாதம் இருந்தபோது ஜவாத் நானா சிவப்பைப் பற்றி யோசிக்கத் தொடங்கினார். சிவப்பு என்றால் சிவப்பு என்று நீங்களும் நானும் நினைப்போம். அது தவறு. பதினோரு சிவப்பு இருக்கிறது. அவர் தன் மனைவி றலியாவின் கூறைச் சேலையை அலுமாரியிலிருந்து எடுத்துக்கொண்டு வந்து, வெயிலில் தகரத்துக்குப் பக்கத்தில் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

“என்னக் கட்டுறதுக்கு இந்தளவு யோசிச்சீங்களா?” என்று கேட்டார் றலியா.

“அது வேற. நீங்க ஒரிஜினல்தானே.”

றலியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த இனத்தோடு குடித்தனம் நடத்துகிறவர்களுக்கு அந்த நேரங்கெட்ட சிரிப்புதான் விமோசனம். ஹிபா வாடகை வான் ஒன்றில் போய்க் கலியாணம் முடித்தாள். இப்போது அவளுடைய மகன் முதலாம் வகுப்புப் படிக்கிறான். “வாப்பா, பஸ்?” என்று அவள் போனில் கேட்டால், “முடிஞ்ச மாதிரித்தான் மகள். ஒரே ஒரு சாமான்தான் குறை ஈக்கு” என்பார்.

பார்க்க வருகிறவர்களுக்கென்று ஒரு முறை வைத்திருந்தார். செருப்பைக் கழற்ற வேண்டும். கைப்பிடியைத் தொடக்கூடாது, தொடாமல் எப்படி ஏறுவது என்றால், ஏறக்கூடாது. ஆசனங்களுக்குப் பொலித்தீன் போட்டிருக்கும், அதன்மேல் பழைய பேப்பர் போட்டிருக்கும், அதன்மேல் ‘இருக்க வேண்டாம்’ என்று மூன்று மொழியில் எழுதியிருக்கும். ஒருமுறை இராமர் களைத்துப்போய் மேல்தட்டில் ஓர் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். இராமர் எழும்பிய இடத்தை ஜவாத் நானா துணியால் துடைத்தார். மெதுவாக, அன்பாக, மூன்று தரம்.

ஆண்டவன் மனிதனைப் படைக்கும்போது இவரிடம் யோசனை கேட்கவில்லை. கேட்டிருந்தால் மூக்குக்கு ஒரிஜினல் திருகாணி வரும்வரை நாமெல்லாரும் களிமண்ணாகவே இருந்திருப்போம்.

இராமருக்கும் அந்த பஸ்ஸில் ஒரு பைத்தியம் தொற்றியிருந்தது என்பதை ஒளிக்கக்கூடாது. மேல்கூரையின் ஒவ்வொரு ஆணியும் அவர் அடித்தது. மகள் அனுஷியாவுக்கு ஹட்டன் பக்கம் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்து, வீடும் பார்த்தாயிற்று. வெள்ளையம்மாவின் உடம்புக்கும் மலைக்காற்றுதான் நல்லது. ஆனால் இராமர் அசையவில்லை. “பஸ்ஸு ரோட்டுல ஓடுறத ஒரு தடவ பாத்துட்டுப் போயிருவோம்” என்றார். “அப்ப நீங்க பஸ்ஸக் கட்டிக்கங்க, நான் ரயில்ல போறேன்” என்றாள் வெள்ளையம்மா. சொல்லி ஒன்றரை வருஷம். போகவில்லை.

அப்படியிருக்க வளவு கைமாறியது. வாங்கியவர் மாடிவீடு கட்டப் போகிறார். திங்கட்கிழமை காலை வேலையாட்கள் வருவார்கள், உள்ளே நிற்கிற இரும்பு எதுவானாலும் வெட்டி ஏற்றிவிடுவார்கள் என்று கடிதம் வந்தது. ஜவாத் நானா கடிதத்தைப் படித்துவிட்டு, “மேல்தட்டு மணிப்பொத்தான் இன்னம் வரல்லயே” என்றார்.

பஸ்ஸிலிருந்து இறங்குகிற ஆள் அமத்துகிற பொத்தான் அது. லண்டனிலிருந்து வரவேண்டும். இராமர் பொறுமையிழந்து, சந்திக் கடையில் வீட்டு வாசலுக்குப் பூட்டுகிற அழைப்புமணி ஒன்றை வாங்கிப் பூட்டிவிட்டார். அமத்தினால் குருவி கத்தும். ஜவாத் நானா அதைக் கேட்டு இரண்டு நாள் சாப்பிடவில்லை.

சனிக்கிழமை பின்னேரம், முன்பு பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற சிங்களவர் குணசேன அய்யே வந்தார். எஞ்சின் உறுமியது. புது டயர், புது ஸ்பிரிங், புதுக் கூரை. பஸ் கம்பீரமாக வாசலை நோக்கிப் போய், பீமுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. குணசேன அய்யே தலையை வெளியே நீட்டி மேலே பார்த்தார்.

“ஜவாத் மஹத்தயா, இது போகாதுதானே?”

அளந்தார்கள். பஸ் வாசலைவிட மூன்று அங்குலம் உயரம்.

எல்லாரும் ஜவாத் நானாவைப் பார்த்தார்கள். நகத்தின் தடிப்பு அளவு வித்தியாசம் என்று ஒரு விளக்குக் கண்ணாடியைக் கடல் கடந்து திருப்பி அனுப்பியவர். எந்த ஆணி எத்தனை நூல் என்று நித்திரையிலும் சொல்பவர். எட்டு வருஷமாக ஒவ்வொரு நாளும் இந்த வாசலால் நுழைந்தவர், ஒருநாளாவது அளவு நாடாவை மேலே பிடித்தாரா? இராமரும்தான் பிடிக்கவில்லை. கூரை இல்லாமல் உள்ளே வந்த பஸ் கூரையோடு வெளியே போகவேண்டும் என்பது, வேலை என்றாவது முடியும் என்று நம்புகிறவர்களுக்கு வருகிற யோசனை.

ஜவாத் நானா பீமின் உயரத்தை இன்னொரு தரம் அளந்தார். கடைசியில் சொன்னார்: “இந்த கேட் ஒரிஜினல் அளவு இல்ல.”

மேலே ஜன்னல் திறந்தது. “என்ட குசினில ஒரு கல்லத் தொட்டுப் பாருங்க, சுடுதண்ணி ஊத்துவன்!” என்றார் பலீலா.

கூரையைக் கழற்றலாம் என்றால் ஆணி எண்ணூறு. இருப்பது ஒரு நாள். டயர்களில் காற்றைக் குறைத்தார்கள். ஒன்றரை அங்குலம் இறங்கியது. அதற்கு மேல் குறைத்தால் டயர் கிழியும். மிச்சம் ஒன்றரை. திங்கட்கிழமை அந்தக் கூரைமேல் வெட்டுகிற பொறி ஏறுவதை நினைத்துக்கொண்டு இராமர் சந்தி அம்மன் இருக்கிற திசையைப் பார்த்தார்.

யோசனை றலியாவிடமிருந்து வந்தது. “முப்பது வருஷமா காலி ரோட் பஸ்ல போறன். ஆக்கள் நெரிஞ்சா படி ரோட்டுல முட்டும். இதுலயும் ஆக்கள ஏத்துங்களேன்.”

“ஆக்களா?” ஜவாத் நானாவின் முகம் வெளிறியது. “சீட்டுலயா?”

“இல்ல, சில்லுல.”

ஞாயிற்றுக்கிழமை காலை. எட்டு வருஷமாக ஒருவரையும் தொடவிடாத மனிதர், கையில் தொப்பியை வைத்துக்கொண்டு ஒழுங்கையில் வீடு வீடாகப் போய், தயவுசெய்து என்னுடைய பஸ்ஸில் ஏறுங்கள் என்று கெஞ்சினார். ஆனால் செருப்பு வேண்டாம். தலைக்கு எண்ணெய் வைத்தவர்கள் சாயக்கூடாது. வெற்றிலை வெளியே. தேவாலயத்தில் பூசை கண்டு வந்தவர்கள், கோயிலுக்குப் போய் வந்தவர்கள், இறைச்சிக் கடைக்குப் போய் வந்தவர்கள் என்று சனம் வெறுங்காலோடு ஏறியது. வளவு வாசலில் குவிந்த செருப்பைப் பார்த்து, உள்ளே ஏதோ தரிசனம் என்று நினைத்து வரிசையில் நின்றவர்களும் உண்டு. இராமர் நான்கு சில்லுக்கும் எலுமிச்சங்காய் வைத்தார்.

“புளி டயருக்கு ஒன்டும் செய்யாதா?” என்றார் ஜவாத் நானா.

“சாமிக்கு வைக்கிறது நானா. ஒன்னும் செய்யாது.”

“அப்ப சரி. பிஸ்மில்லாஹ்.”

கீழும் மேலும் நிரம்பி, படியிலும் இருத்தியாயிற்று. அளந்தார்கள். இன்னும் கால் அங்குலம் இறங்க வேண்டும். ஒழுங்கையில் மிச்சம் இருந்தவர் பலீலா ஒருவர்தான். ஜன்னலால் பார்த்துக்கொண்டிருந்தவருக்குத் திடீரென்று பயம் வந்துவிட்டது. “இத்தன சனத்தோட பீம்ல முட்டினா என்ட குசினி போயிரும்! சாமானயாவது காப்பாத்துங்க!” காஸ் சிலிண்டர் இரண்டு, கிரைண்டர், அரிசி மூடை, அம்மி, கடைசியாகக் கோழிக்கறிச் சட்டியோடு பலீலாவும் பஸ்ஸில் ஏறினார்கள். பஸ் ஒரு பெருமூச்சு விட்டு இறங்கியது.

“நானா, நீங்களும் ஏறுங்க!” என்று இராமர் மேல்தட்டு ஜன்னலால் கத்தினார்.

“எனக்கு அளக்க ஈக்கு!”

அங்குலம் அங்குலமாகப் போனார்கள். இராமர் ஜன்னலால் தலையை நீட்டி இடைவெளியைப் பார்த்து, கிட்டவந்தால் பொத்தானை அமத்துவார், குருவி கத்தும், குணசேன அய்யே நிற்பாட்டுவார். பதினான்கு தரம் குருவி கத்தியது. பதினைந்தாம் தரம் கத்தவில்லை. மேலே பார்த்தால் வானம்.

“சரி, எல்லாரும் இறங்குங்க!” என்றார் ஜவாத் நானா.

ஒருவரும் அசையவில்லை. “யமு, யமு!” என்று மேல்தட்டிலிருந்து சத்தம். “போவம் அய்யே, போவம்!” குணசேன அய்யே சந்தியில் டயருக்குக் காற்றடித்துக்கொண்டு, அப்படியே வெள்ளவத்தைக்கு விட்டார். அங்கே றலியாவின் உறவினர் ஒருவரின் வெறுங்காணியில்தான் பஸ்ஸை நிறுத்த ஏற்பாடு. ஜவாத் நானா ஒரு திரீவீலில் முன்னால் போனார். தாழ்ந்து தொங்குகிற வயரைக் கண்ட இடமெல்லாம் இறங்கி மூங்கில் தடியால் தூக்கிப் பிடித்தார். பஸ் கடந்ததும் ஓடிப்போய்த் திரீவீலில் ஏறினார். வழியெல்லாம் அப்படித்தான்.

மேலே பாட்டு. பலீலாவின் கறி கைமாறிக் கைமாறிப் போனது. கரையோரமாகப் போகிற காலி வீதியில் ஒவ்வொரு ஒழுங்கையின் முடிவிலும் ஒரு துண்டுக் கடல் வந்து வந்து போனது.

“ஏங்க,” என்றாள் வெள்ளையம்மா, “இருவது வருஷமா இந்தக் கடல் இங்கயா இருந்திச்சு?”

இராமர் சீட்டில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஒருவரும் துடைக்க வரவில்லை.

இந்த இடத்தில் நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. உங்கள் வீட்டுச் சோபா செட்டியில் கடைக்காரன் போட்ட பொலித்தீன் இன்னும் இருக்கிறதா? கண்ணாடி அலுமாரிக்குள் அந்தப் பூப்போட்ட கோப்பைகள் யாருக்காகக் காத்திருக்கின்றன? மேல்மாடி முடியட்டும், பிறகு குடிபுகுதலுக்குச் சொந்தக்காரரைக் கூப்பிடுவோம் என்று எத்தனை வருஷமாகச் சொல்கிறீர்கள். அதற்குள் எத்தனை சொந்தக்காரர் மிச்சம்? அடிக்கடி உங்கள் கைவிரலைப் பார்த்துக்கொள்ளுங்கள். கிறீஸ் வெளியே தெரியாது.

மூன்றாம் நாள் இராமர் மலைக்குப் புறப்பட்டார். விடைபெறக் காணிக்குப் போனபோது, ஜவாத் நானா கைப்பிடியில் பதிந்திருந்த ஊராருடைய விரலடையாளங்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். குருவி மணியைக் கழற்றிக் கடதாசியில் சுற்றி இராமரின் கையில் கொடுத்தார். வெள்ளையம்மாவின் பயணத்துக்கென்று ஒரு பிளாஸ்க்கும் அங்கே நின்றது. கேட்வரை வந்தார். பஸ்ஸைத் திரும்பிப் பார்த்தார்.

“ராமர், மேலயிருந்து பார்த்தா கடல் தெரிஞ்சிச்சா?”

“நல்லாத் தெரிஞ்சிச்சு நானா.”

“எல்லாரும் அப்படித்தான் செல்லுறாங்க,” என்றார் ஜவாத் நானா. “அந்தப் பொத்தான் மட்டும் வரட்டும். நானும் ஒருக்கா ஏறிப் பார்க்கணும்.”