ஐவியின் லாவெண்டர் உருண்டைகள்

உருண்டை வளர்ந்துகொண்டிருந்தது.

செட்ரிக் கை கழுவிவிட்டுத் திரும்புவதற்குள் எலுமிச்சம்பழ அளவில் இருந்தது ஆரஞ்சுப்பழ அளவுக்கு வந்துவிட்டது. அது ஒன்று மட்டுமில்லை. சமையலறை மேசைமேல் வரிசையாக வைத்திருந்த நாற்பத்தெட்டு உருண்டையும் ஸ்ஸ்ஸ் என்று சத்தம் போட்டுக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் வீங்கின. சிலவற்றுக்கு மரு முளைத்தது. ஒன்று மூக்கும் முழியுமாக மேசையை விட்டு இறங்கப் பார்த்தது. அதைப் பிடிக்கப் போனபோது கைபட்டு இன்னொன்று சிங்க்கில் விழுந்தது. விழுந்து, பொங்கி, அடங்கியபோது அந்த இடம் மட்டும் பளபளவென்று மின்னியது. அதையெல்லாம் கவனிக்கிற நிலையில் அவர் இல்லை.

முப்பத்தைந்து வருடம் பதினேழாம் நம்பர் பஸ்ஸை விஞ்ச்லியிலிருந்து டார்செஸ்டருக்கு ஒரு நிமிடம் பிசகாமல் ஓட்டிய மனிதர். இரண்டு பொடியைக் கலந்து உருட்டுவதெல்லாம் ஒரு வேலையா என்றுதான் ஆரம்பித்தார்.

வேலை அவருடையதல்ல, மனைவி ஐவியுடையது. விஞ்ச்லி மாதர் சங்கம் சனிக்கிழமைதோறும் ஊர் மண்டபத்தில் சந்தை போடும். அதில் வாசலை ஒட்டிய முதல் மேசை பத்தொன்பது வருடமாக ஐவிக்குத்தான். குளிக்கிற வெந்நீரில் போட்டால் பொங்கிக் கரைகிற லாவெண்டர் உருண்டை செய்து கொண்டுபோவாள். அரை மணி நேரத்தில் கூடை காலி. ஊரில் அதை வாங்காத வீடு கிடையாது. சங்கத் தலைவி திருமதி ஹார்கோர்ட்டின் மருமகளும் கை நிறைய மெழுகுவர்த்தி செய்கிறாள். ஆனால் அவளுக்குக் கிடைத்தது கடைசி மேசை. பக்கத்திலேயே கொதிகலன். பதினோரு மணிக்கெல்லாம் மெழுகுவர்த்திகள் இடுப்பு வளைந்து எல்லாருக்கும் வணக்கம் சொல்ல ஆரம்பித்துவிடும். ஐவியின் மேசை எப்போது காலியாகும் என்று மாமியாரும் மருமகளும் காத்திருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து ஐவி தோட்டத்தில் வழுக்கிக் கணுக்காலை உடைத்துக்கொண்டாள். மாடிப்படி இல்லாத வீடு வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டதால், வெய்மத்தில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். கார் கதவைச் சாத்தும் முன் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள்.

"கால் போனா போகட்டும் செட்ரிக். நான் திரும்பி வரும்போது என் மேசை இருக்கணும்."

செய்முறை ஓர் அட்டையில் எழுதியிருந்தது. ஆப்பசோடா இரண்டு பங்கு, எலுமிச்சை உப்பு ஒரு பங்கு, லாவெண்டர் எண்ணெய் பத்துச் சொட்டு. கடைசியில், 'தண்ணீர் - ஒரு மூச்சு' என்றிருந்தது. தெளிப்பானை ஒரு மூச்சு நேரம் அமுக்க வேண்டும் போலிருக்கிறது என்று செட்ரிக் புரிந்துகொண்டார். புரிந்துகொண்டதில் தப்பில்லை. ஆனால் அவர் ஊர் பாண்டு வாத்தியக் குழுவில் இருபது வருடம் ட்ரோம்போன் ஊதியவர். அவர் மூச்சு நீளம்.

வீங்கியதையெல்லாம் கரண்டியால் தட்டித் தூளாக்கினார். புதிதாகக் கலக்கலாமென்றால் எலுமிச்சை உப்பு தீர்ந்துபோயிருந்தது. கடைக்கு ஓடினார். அது ஜூன் மாதம். ஊரே புளிப்புக்கு அதைப் போட்டு எல்டர் பூ சர்பத் காய்ச்சிக்கொண்டிருந்ததால் ஒரு கல் எலுமிச்சை உப்புகூட எங்கேயும் இல்லை. மறுநாள் சந்தை.

தலையில் கை வைத்து உட்கார்ந்தவர் கண்ணில் ஐவியின் புத்தக அலமாரி பட்டது. அதிலிருந்த ஒரு புத்தகத்தில் இன்னொரு வகை இருந்தது. கோகோ வெண்ணெயை உருக்கி ஊற்றி உறைய வைத்தால், வெந்நீரில் மெல்ல உருகி உடம்பெல்லாம் பட்டுப்போல் ஆகுமாம். செட்ரிக்குக்கு உயிர் வந்தது. செத்துப்போன பொடியோடு ஒன்றரைக் கிலோ கோகோ வெண்ணெயைச் சேர்த்தார். தோட்டத்து ரோஜாவை உதிர்த்துப் போட்டார். குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுத்தால், கல்யாண வீட்டு இனிப்பு தோற்றது. சனிக்கிழமை இருபது நிமிடத்தில் எல்லாம் விற்றுத் தீர்ந்தன.

அன்று மாலை ஐவி போன் செய்தாள். அட்டையில் இருக்கிறபடிதானே செய்தாய் என்று கேட்டாள். அட்டையைப் பார்த்துக்கொண்டேதான் செய்தேன் என்றார் செட்ரிக். அதில் பொய் இல்லை.

திங்கட்கிழமை காலையில் பக்கத்து வீட்டு மிஸ் பென்ரோஸ் வேலியோரம் வந்து நின்றாள். எண்பத்திரண்டு வயது. விஞ்ச்லிக்காரர்களிடம் ஒரு குணம் உண்டு. எதையும் நேராகச் சொல்ல மாட்டார்கள். கிணற்றுக்குள் விழுந்தவனை எட்டிப் பார்த்து எப்படி இருக்கிறது என்று கேட்டால், கொஞ்சம் ஈரமாக இருக்கிறது என்பான். மிஸ் பென்ரோஸும் மழையைப் பற்றிப் பத்து நிமிடம், பூனையைப் பற்றிப் பத்து நிமிடம் பேசி முடித்த பிறகுதான் விஷயத்துக்கு வந்தாள்.

"ரொம்ப அழகா இருந்துச்சு செட்ரிக். ரோஜா இதழெல்லாம் போட்டு. ஆனா அது மிதக்குது."

"மிதக்கட்டும்னுதான் போட்டேன்."

"சனிக்கிழமை போட்டது இன்னிக்கும் மிதக்குது. நாலு தடவை தண்ணி மாத்தியாச்சு."

இந்த வயதில் இரண்டு நாளில் நாலு குளியலா என்று செட்ரிக் வியந்தார். அதைவிட, இவள் தொட்டிக்குள் ஏறி இறங்குவதே பெரிய காரியம்தான்.

"ஐவி செஞ்சதுன்னா போட்ட பத்தாவது நிமிஷம் எல்லாத்தையும் வழிச்சு எடுத்துடும். சுத்தமா வெள்ளை தெரியும்," என்று சொல்லிப் பெருமூச்சு விட்டாள்.

செட்ரிக் அவளுடைய கையைப் பார்த்தார். ஏற்கெனவே எலும்பும் தோலுமாக இருந்தது. இதற்குமேல் வழித்தெடுத்தால் என்ன மிஞ்சும்? பத்தொன்பது வருடமாக ஐவி இந்த ஊரை என்ன பாடுபடுத்தியிருக்கிறாள் என்று நினைத்துப் பதறினார். அடுத்த தடவை கோகோ வெண்ணெயை இரட்டிப்பாக்கிவிட வேண்டும் என்று முடிவு செய்தார்.

அவள் போனதும் பாதிரியார் சைக்கிளில் வந்தார். அவரும் மழையில்தான் ஆரம்பித்தார்.

"எங்க வீட்ல பைபிள் வகுப்பு நடக்குதில்லையா, அதுக்கு வர்ற பதினோரு பேரும் ஐவியோட உருண்டையைப் பாராட்டாம போனதே இல்லை," என்றார்.

"பதினோரு பேருமா?"

"எல்லாரும் ஒரே நேரத்துலயா? ஒருத்தர் ஒருத்தராத்தான்."

செட்ரிக் தலையை ஆட்டிவைத்தார். கோயில் பக்கம் போய் நாளாயிற்று. அதற்குள் திருச்சபை எவ்வளவோ மாறியிருக்கும்.

பாதிரியாருக்கு வேண்டியது கொஞ்சம் வேகம். முன்பெல்லாம் ஐவியின் உருண்டையைப் போட்டால் சமையலறை வரைக்கும் சத்தம் கேட்குமாம், நுரை தள்ளுமாம், வேலை நடக்கிறது என்று மனதுக்கு ஒரு நிம்மதி இருக்குமாம். இப்போது போட்டால் சும்மா கிடக்கிறதாம்.

நுரைதானே? அடுத்த வாரத்துக்கு வெண்ணெயை மூன்று கிலோவாக்கி, அதோடு டார்செஸ்டரிலிருந்து வரவழைத்த நுரைத்தூளையும் தாராளமாகச் சேர்த்தார். அளவு புத்தகத்தில் ஒரு கரண்டி என்றிருந்தது. குறை வைக்கக்கூடாது என்று ஒரு டப்பாவையே கொட்டினார்.

அந்த வாரம் பாதிரியார் வீட்டு நுரை மாடிப்படி இறங்கி வந்து, பைபிள் வகுப்பு நடக்கும் அறையில் வந்து உட்கார்ந்தது. திருமதி ஹார்கோர்ட்டின் கணவர் காலையில் நிம்மதியாகப் பத்திரிகை படிக்கிற நேரத்தில் வழுக்கி விழுந்து, இப்போது தலையணை போட்டுத்தான் உட்காருகிறார். மிஸ் பென்ரோஸ் வீட்டில் ரோஜா இதழ் இன்னும் மிதந்துகொண்டிருந்தது. புதிதாக ஒரு கொழுப்பு வளையம் வேறு படிந்து, சுரண்டினாலும் போகவில்லையாம். இவ்வளவுக்கும் அவர்கள் செட்ரிக்கிடம் நேரில் சொன்ன வார்த்தை, 'கொஞ்சம் வித்தியாசமாக இருந்தது' என்பதுதான். மற்றதெல்லாம் ஊர்ப் பேச்சாகக் காதில் விழுந்தபோது, தொட்டியில் கிடந்தபடி பத்திரிகை படிப்பது ஒரு பழக்கமா, நனைந்துபோகாதா என்று மட்டும் செட்ரிக் யோசித்தார்.

ஊரில் சந்தோஷமாக இருந்தவர் ஒரே ஒருவர். குழாய் ரிப்பேர் செய்கிற டட்லி. இரண்டு வாரமாக அவருடைய வேன் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்றுகொண்டிருந்தது. செட்ரிக்கைப் பார்த்தால் தொப்பியைக் கழற்றிக் கும்பிடாத குறைதான். ஒருநாள் தேடிவந்து ஒரு பாட்டில் தேன் கொடுத்துவிட்டுப் போனார். பாவம், ஐவியின் கால்மேல் எவ்வளவு அக்கறை என்று செட்ரிக் நெகிழ்ந்துபோனார்.

மூன்றாவது சனிக்கிழமை ஒருவரும் வாங்கவில்லை. எல்லாரும் கூடையைப் பார்த்தார்கள், அழகாக இருக்கிறது என்றார்கள், மெழுகுவர்த்தி வாங்கிக்கொண்டு போனார்கள். திங்கட்கிழமை சங்கத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. முதல் மேசையை யாருக்குத் தருவது என்பது பற்றிப் புதன்கிழமை மூன்று மணிக்குக் கூட்டம்.

அன்று மாலை ஐவி போனில் அழுதாள். திருமதி ஹார்கோர்ட் நலம் விசாரிக்கிற சாக்கில் அவளுக்குப் போன் செய்திருக்கிறாள்.

"அந்த மேசை ஒண்ணுதான் செட்ரிக் நான் இந்த ஊர்ல சம்பாதிச்சது," என்றாள் ஐவி.

செட்ரிக் இரவெல்லாம் தூங்கவில்லை. நாற்பத்திரண்டு வருடக் குடித்தனத்தில் ஐவி அழுது அவர் கேட்டது இது இரண்டாவது தடவை. முதல் தடவையும் காரணம் அவர்தான்.

புதன்கிழமை மத்தியானம் அவருக்கு ஒரு யோசனை வந்தது. எல்லாரும் அது நொட்டை இது நொள்ளை என்கிறார்களே, இதுவரை நாம் போட்டுப் பார்த்தோமா? அவர் ஆயுள் முழுக்கச் சாதாரண சோப்பு போட்டே குளித்தவர். மாடிக்குப் போய்த் தொட்டி நிறைய வெந்நீர் பிடித்து, நான்கு உருண்டையைப் போட்டு உள்ளே இறங்கினார்.

சும்மா சொல்லக்கூடாது, சொர்க்கம். நுரை கழுத்துவரை வந்து தாலாட்டியது. பஸ் ஓட்டி ஓட்டிக் காய்த்துப்போன உள்ளங்கை குழந்தையுடையதுபோல் ஆனது. இதையா வேண்டாம் என்கிறார்கள் என்று அவருக்குக் கோபம்கூட வந்தது. வாதாடிப் பயனில்லை, ஆளையே சாட்சியாகக் கொண்டுபோய் நிறுத்திவிட வேண்டியதுதான் என்று துடைத்துக்கொண்டு கிளம்பினார்.

மண்டபத்தில் பாதிரியார், மிஸ் பென்ரோஸ் உட்படக் கமிட்டிக்காரர்கள் ஒன்பது பேர் தேநீரும் பிஸ்கட்டுமாக உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே எங்கோ டட்லி எதையோ இடிக்கிற சத்தம் கேட்டது. திருமதி ஹார்கோர்ட் மழையைப் பற்றி நாலு வார்த்தை பேசிவிட்டு, ஐவிக்கு ஓய்வு தேவைப்படுவதால் மேசையை மருமகளுக்கு மாற்றித் தரலாம் என்று அபிப்பிராயப்பட்டாள். யாரும் மறுக்கவில்லை.

செட்ரிக் எழுந்தார். முகம் சிவந்து மினுமினுத்தது. காதுக்குப் பின்னால் ஒரு ரோஜா இதழ் ஒட்டியிருந்தது.

"எனக்குப் பேசத் தெரியாது," என்றார். "ஆனா என் உருண்டையில என்ன குறைன்னு இன்னிக்கு நானே பார்த்துட்டு வந்திருக்கேன். நாலு உருண்டை போட்டேன். ஒரு மணி நேரம் அதுக்குள்ளயே கிடந்தேன்."

பாதிரியாரின் கோப்பை பாதி வழியில் நின்றது.

"கழுத்து வரைக்கும் கிடந்தேன். அப்புறம் தலையையும் முக்கினேன். கொஞ்சம் வாயிலகூடப் போச்சு. ஒண்ணும் ஆகலை. இந்தக் கையைத் தொட்டுப் பாருங்க, எவ்வளவு மிருதுவா இருக்கு."

கையை நீட்டிக்கொண்டு மேசையைச் சுற்றி வந்தார். ஒருவரும் தொடவில்லை. அவர் வர வர ஒவ்வொரு நாற்காலியாகப் பின்னால் நகர்ந்தது. மிஸ் பென்ரோஸ் பிஸ்கட் தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பாதிரியார் கண்ணை மூடியிருந்தார். உதடு மட்டும் அசைந்தது.

"ஐவி எனக்காக நாற்பத்திரண்டு வருஷம் எவ்வளவோ செஞ்சிருக்கா," என்றார் செட்ரிக். "அவ மேசைக்காக நான் இதைக்கூடச் செய்ய மாட்டேனா? வேணும்னா நாளைக்கும் இறங்குறேன். நீங்க யார் வேணும்னாலும் வந்து பக்கத்துல நின்னு பாருங்க."

"வேண்டாம்," என்றாள் திருமதி ஹார்கோர்ட் அவசரமாக. அவளுடைய கண்ணிலும் தண்ணீர். "வேண்டவே வேண்டாம் செட்ரிக். இப்படிப்பட்ட அன்பை நான் பார்த்ததில்லை. மேசை ஐவிக்கே. எல்லாருக்கும் சம்மதம்தானே?"

ஒன்பது கைகளும் ஒரே நேரத்தில் உயர்ந்தன. சங்க வரலாற்றில் இவ்வளவு சீக்கிரமாக எதுவும் நிறைவேறியதில்லை என்று மிஸ் பென்ரோஸ் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டாள்.

செட்ரிக் நாற்காலியில் சாய்ந்தார். ஐவியிடம் இதை எந்த வார்த்தையில் ஆரம்பித்துச் சொல்வது என்று மனதுக்குள் கோத்துக்கொண்டிருந்தபோது, உள் கதவு திறந்து டட்லி வந்தார். ஒரு கையில் வாளி, ஒரு கையில் நீளக் குச்சி. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார் என்பது முகத்திலேயே தெரிந்தது. செட்ரிக்கை மேலும் கீழும் இரண்டு தடவை அளந்து பார்த்தார்.

"முப்பது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன் செட்ரிக், அதனாலதான் கேக்குறேன்," என்றார் டட்லி. "ஊரே அந்த உருண்டையைக் கக்கூஸ் கழுவத்தான் பத்தொம்பது வருஷமா வாங்குது, அதுக்குள்ள நீங்க கழுத்து வரைக்கும் எப்படி இறங்குனீங்க?"