மீசையில் ஒட்டிய நுரை

வெயில் கொளுத்திய ஒரு காட்டில், புளியமர நிழலில், அன்று இருந்தவர்கள்: யானை ஒன்று, முயல் இரண்டு, மான் மூன்று, முள்ளம்பன்றி ஒன்று, சுண்டெலி ஒன்று, மோர்க்கடை எருமை காத்தாயி. ஆக ஒன்பது பேர். நரி எதிர்வெயிலில் கடை போட்டிருந்ததால் இந்தக் கணக்கில் சேராது.

காத்தாயி விடியலில் கடைந்து, உப்பும் பெருங்காயமும் போட்டு, நாற்பது கொட்டாங்கச்சி பிடிக்கும் பானையை நிறைத்துக்கொண்டு வருவாள். உச்சிப்பொழுதுக்குள் பானை காலியாகிவிடும்.

சிங்கம் ஒரு சட்டம் போட்டிருந்தது. எந்தக் கடை முன் மூன்று நாள் வரிசை நிற்கவில்லையோ, அந்தக் கடை நிழலை விட்டுவிட வேண்டும். வரிசை நிற்கிறதா என்றுதான் சிங்கம் பார்க்கும். எதற்கு நிற்கிறது என்று கேட்காது. அந்த நிழல்மீது நரிக்கு வெகுநாளாக ஒரு கண்.

அன்று நரி ஒரு விளம்பரப் பலகையை நட்டது. படத்தில் சுண்டெலி ஒரு கையால் யானையைத் தலைக்கு மேல் தூக்கியிருந்தது. மறுகையில் நரி விற்கும் கலர் சோடா பாட்டில். பாட்டில் மேல் முத்து முத்தாகப் பனித்துளி, பின்னால் பனிமலை, சுண்டெலியின் மீசையில் வெள்ளை நுரை.

அந்தக் காட்டில் பனிமலையைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. இருந்தாலும் படத்தைப் பார்த்ததும் எல்லோருக்கும் உடம்பு சிலிர்த்தது. முயல்கள் விழுந்து விழுந்து சிரித்தன. அவற்றைவிட அதிகம் சிரித்தது யானை.

"உங்களை ஒரு எலி தூக்குது மாமா, நீங்களே சிரிக்கிறீங்களே?" என்றாள் காத்தாயி.

"தூக்கினா என்னம்மா? மேல இருக்கிறது நான்தானே!"

எல்லோரும் நரி கடைக்கு ஓடினார்கள். குடித்ததும் ஏப்பம் வந்தது. வந்தது பலம்தான் என்று நம்பி முள்ளம்பன்றி ஒரு பாறையைத் தூக்கப் பார்த்தது; இடுப்பு பிடித்துக்கொண்டது. அதற்கும் சிரித்தார்கள். சிரித்த வாயோடு இன்னொரு பாட்டில் வாங்கினார்கள்.

அன்றும் மறுநாளும் காத்தாயி கடையில் வரிசை இல்லை. மூன்றாம் நாள் காலை அவள் கண்கலங்கி நிற்பதைப் பார்த்து யானைக்கு மனசு கேட்கவில்லை.

"யார்கிட்டயும் சொல்லிடாதே. படம் எடுத்தப்போ நரி என்னைக் கயித்துல கட்டித் தொங்கவிட்டான். பாட்டில் மேல இருந்தது பனித்துளி இல்லை, விளக்கெண்ணெய். விளக்குச் சூட்டுல கலர் நுரை நிக்கவே இல்லை. உன் மோர் நுரையைத்தான் எலி மீசையில தடவினான்."

"அம்மாவுக்கு வயிறு சரியில்லைன்னு வாங்கிட்டுப் போனானே, அந்த மோரா!"

காத்தாயி கல்மேல் ஏறி நின்று, ஒன்று விடாமல் எல்லாவற்றையும் கத்திச் சொன்னாள். நரியின் வால் தாழ்ந்தது.

சின்ன முயல்தான் முதலில் வாய் திறந்தது. "அப்போ படத்துல நடிச்சது உங்க நுரையா அக்கா?"

"ஆமா!"

"எனக்குக் கொஞ்சம் தடவி விடுங்களேன்."

வரிசை நீண்டது. நுரையைத் தடவிக்கொண்டு ஒவ்வொருவராக நரி கடைக்குப் போனார்கள். மீசையே இல்லாத மான்களும் மீசை வைத்துக்கொண்டன.

"மோர் வேண்டாமா?" என்று காத்தாயி கேட்டுப் பார்த்தாள்.

"குடிச்சா மீசை அழிஞ்சிடுமே அக்கா!"

மாலையில் சிங்கம் வந்தது. வரிசையைப் பார்த்தது. நிழல் காத்தாயிக்கே என்று சொல்லிவிட்டுத் தானும் குனிந்து, "எனக்குக் கொஞ்சம் அடர்த்தியா" என்றது.

நாளெல்லாம் கடைந்ததில் காத்தாயிக்குத் தொண்டை வறண்டது. பானையைப் பார்த்தாள். பனிமலையைப் பார்த்தாள்.

"நரித் தம்பி, ஒரு கலர் குடு."

"மீசை இல்லாமலா அக்கா?"

அவள் வெட்கப்பட்டுக்கொண்டே ஒரு விரல் நுரையை எடுத்துத் தடவிக்கொண்டாள்.

கடை கட்டும்போது மோரை அளந்தாள். மீதம், நாற்பது கொட்டாங்கச்சி.

நீதி: மோர் புளித்ததா என்று பார்க்காதே, மீசையில் ஒட்டுகிறதா என்று பார்.