பார்வைக்கு வைக்கப்பட்ட மனு

மனுக்களைப் படிக்கும் அலுவலகங்கள் உலகில் உண்டு. படிக்காமல் கிடப்பில் போடும் அலுவலகங்களும் உண்டு. மனுக்களை மேடையேற்றி, விளக்கு வெளிச்சத்தில் நிறுத்தி, கைதட்டி மரியாதை செய்த ஒரே நகராட்சி அலுவலகம் எங்களுடையதுதான். அந்தப் பெருமையில் எனக்கும் பங்குண்டு. நான் மனுப் பிரிவின் தலைமை எழுத்தர்.

எந்த மனு வந்தாலும் ஓரத்தில் "பார்வைக்கு வைக்கவும்" என்று எழுதுவது என் இருபத்திரண்டு ஆண்டுப் பழக்கம். யார் பார்வைக்கு என்று நானும் எழுதியதில்லை, யாரும் கேட்டதுமில்லை. புதிதாக வந்த ஆணையர்தான் அந்தக் குறிப்பை முழுதாகப் படித்து, எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றினார். உடனே ஒரு காகிதக் கலைஞரை வரவழைத்தார்.

கலைஞர் "சமூகச் சிக்கல்களை" வெட்டி ஒட்டுபவர். கொலாஜ் என்பார்கள். வேலையின்மையை ஒட்டியிருக்கிறார், தனிமையை ஒட்டியிருக்கிறார். வெட்டி வேலை என்று சிலர் சொல்வார்கள், வயிற்றெரிச்சல். எங்கள் பதிவறையில் நிரம்பி வழிந்த அலமாரிகளைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"எவ்வளவு வேதனை சார்! எவ்வளவு வண்ணம்! இந்த மஞ்சள் எப்படி வந்துச்சு?"

"அதெல்லாம் உடனே வராது தம்பி. குறைஞ்சது ஆறு வருஷம் அலமாரியில கிடக்கணும்," என்றேன் அடக்கமாக.

ஒரே மாதத்தில் கூடத்தின் நடுவே ஆளுயரக் காகிதப் பெண் ஒருத்தி எழுந்து நின்றாள். உடம்பெல்லாம் மனு, வாய் மட்டும் அகலத் திறந்திருந்தது. பெயர் "கேட்கப்படாத குரல்". காகிதம்தானே, மின்விசிறியைப் போட்டதும் குப்புற விழுந்தாள். எங்கள் கிடங்குக்காரர் மூளைக்காரர். மூலையில் சும்மா கிடந்த கனமான இரும்பு வட்டம் ஒன்றை உருட்டி வந்து, அவளை அதன்மேல் நிறுத்தினார். அப்புறம் குரல் அசையவே இல்லை.

திறப்பு விழாவில் ஆணையர், "மக்கள் குரலை நாம் உயரத்தில் வைத்திருக்கிறோம்" என்று முழங்கிக்கொண்டிருந்தபோதுதான் தையல்காரம்மா உள்ளே வந்தார். அவர் வீட்டு வாசலில் மூடியில்லாத சாக்கடைக் குழி ஒன்று இருக்கிறது. அவர் கணவர் அதில் இரண்டு முறை விழுந்தார். முதலில் வலது கால் முறிந்தது, பிறகு இடது கால். பாரபட்சம் பார்க்காத குழி. ஆண்டுதோறும் மூடி கேட்டு மனுக் கொடுப்பவர், மனுக்கள் பார்வைக்கு வந்துவிட்டன என்று கேள்விப்பட்டு ஓடி வந்திருந்தார்.

"சார், என் மனுவை வெச்சுட்டீங்களாமே?"

"வெச்சாச்சும்மா. அதோ, இடது முழங்கைல நீலமா தெரியுது பாருங்க, அது உங்களோடதுதான்."

"முழங்கையா? மூடி எப்ப சார் போடுவீங்க? வெள்ளிக்கிழமை என் பொண்ணு கைக்குழந்தையோட வர்றா. அவளும் விழணுமா?"

கலைஞர் உருகிப்போனார். "அம்மா, அது இனிமே உங்க குழி மட்டும் இல்ல. நம்ம எல்லாரோட குழி."

"அப்ப ஆளுக்கொரு தடவை வந்து விழுந்துட்டுப் போங்க தம்பி."

"நான் அதை ஒரு கேள்வியா மாத்தியிருக்கேன்மா!"

"நானும் கேள்வியாத்தானே குடுத்தேன்?"

கலை விமர்சகர் ஒருவர் இதைப் பரபரவென்று குறித்துக்கொண்டார். தையல்காரம்மா முழங்கையைப் பார்த்தார், பாதத்தைப் பார்த்தார், பாதத்துக்குக் கீழே பார்த்தார். குனிந்து தூசியைத் துடைத்தார். வெள்ளைச் சாயத்தில் எழுதியிருந்தது: மூன்றாம் குறுக்குத் தெரு, பதினொன்றாம் எண் வீட்டு வாசல்.

"சார், இது என் மூடி!"

பதிவேட்டைப் புரட்டினோம். உண்மைதான். மூடி வந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. பொருத்தச் சொல்லும் ஆணை மட்டும் என் இழுப்பறையில் மிகவும் பத்திரமாக இருந்தது.

"குடுங்க, எடுத்துட்டுப் போறேன்."

"அதெப்படிம்மா? மூடியை எடுத்தா குரல் விழுந்துடும்!" என்று பதறினார் ஆணையர். "கண்காட்சி இன்னும் மூணு மாசம் இருக்கு."

தையல்காரம்மா வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: "ஏங்க, இப்படி வாங்க. நம்ம மூடி இங்கதான் இருக்கு!"

கணவர் விந்தி விந்தி வந்தார். இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து நெம்பினார்கள். காகிதப் பெண் மெல்லச் சரிந்து விழுந்தாள். வட்டமான மூடியை உருட்டிக்கொண்டே இருவரும் தெருவில் இறங்கிவிட்டார்கள். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. விமர்சகர், "முடிவு அபாரம்!" என்று கத்தினார். கலைஞர் தலைவணங்கி நன்றி சொன்னார்.

வெள்ளிக்கிழமை மகள் குழந்தையோடு நேராக நடந்து வீட்டுக்குள் போனாளாம். கேட்டதும் எனக்கே சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன்?

ஆனாலும் கடமை என்று ஒன்று இருக்கிறதே! அந்த மனுவைத் தேடிப் பிடித்து, பசையைச் சுரண்டிவிட்டு, "நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்று சிவப்பு மையில் எழுதி முடித்தேன். எடுத்தது யார் என்று எழுதப் படிவத்தில் இடமில்லை. இருந்திருந்தால், இந்த இருபத்திரண்டு ஆண்டுகளில் அங்கே எங்களில் ஒருவர் பெயர்கூட வந்திருக்காது.