அழுகை போதாது, அக்கா

எங்கட சனத்துக்குள் ‘டைரக்டர்’ என்றொரு இனம் உண்டு. நீங்கள் எங்கே நின்றாலும் அது பிழையான இடம். “ரெண்டடி தள்ளி நில்லுங்கோ” என்பதுதான் இந்த இனத்தின் வணக்கம்.

டென்மார்க்கில், ஹேர்னிங்கில் எங்களுக்கு வாய்த்தவர் நீக்கிலாஸ் மாமா. எண்பதுகளில் வெளிநாட்டுக்கு அனுப்புறன் என்று காசு வாங்கின ஏஜென்சிக்காரன் பம்பாயில் இறக்கிவிட்டுக் காணாமற்போக, வயிற்றுப்பாட்டுக்குப் படக் கொம்பனியொன்றில் தேத்தண்ணி தூக்கி, பிறகு விளக்குத் தூக்கி, கடைசியில் உண்மையான டைரக்டர் முதலாளியோடு சண்டை கொளுவிக்கொண்டு ஓடிய அன்று “கட்” சொல்ல ஆளில்லாமல் தானே சொல்லி, இந்தியும் உருதுவும் கலந்த அந்தப் படத்துக்கு, அதில் ஒரு வசனமும் விளங்காமலே, டைரக்டர் ஆனவர். படம் ஒரு கிழமை ஓடியது. பெருமை இன்னும் ஓடுகிறது.

இங்கே கிழமை நாட்களில் துணித் தொழிற்சாலை. சனி ஞாயிறு வீடியோக் கமராவோடு கலை. சாமத்தியவீடா? பெரியபிள்ளையான பெட்டை சேலையோடு பனிக்குள் மரத்தைச் சுற்றி ஓடவேண்டும். “பம்பாயில ஹீரோயின் இதைவிடக் குளிருக்குள்ள ஓடினவ!” பம்பாயில் ஏது குளிர்? கேட்டுப் பாருங்கள், பின்னேரம் முழுக்கக் கதைப்பார். ஒரு கலியாணவீட்டில் தாலி கட்டி முடிந்த பிறகு, “வெளிச்சம் காணாது, கழட்டிட்டு இன்னொருக்காக் கட்டும்” என்று மாப்பிள்ளைக்குச் சொன்ன மனுசன்.

இதையெல்லாம் மன்னிக்கலாம். வன்னியில் சண்டை முடிந்த கிழமை, சனமெல்லாம் மண்டபத்தில் போனைப் பார்த்தபடி கிடந்தது. மரியநாயகி அன்ரியின் தம்பி உயிரோடு இருக்கிறாரோ தெரியாது. அன்ரி மெழுகுதிரிக்கு முன்னால் அழுதா. மாமா கமராவோடு குந்தினார்.

“அழுகை போதாது, அக்கா. திரும்ப ஒருக்கா.”

அன்ரி திரும்ப அழுதா! எனக்கு விசர் வந்தது.

அப்போது போன் அடித்தது. தம்பிதான். முகாமில், ஆரோ ஒருவரின் போனில், உயிரோடு. அன்ரி சிரித்தா, துள்ளினா, மெழுகுதிரி சரிந்தது.

“கட்! கட்! சிரிக்காதேங்கோ அக்கா, காட்சி குழம்புது!”

மண்டபமே திரும்பி முறைத்தது. மாமா கமராவைக் கீழே இறக்கினார். பம்பாய்க் குரல் எங்கேயோ போய்விட்டது.

“அக்கா… எங்கட அம்மாவை அங்க கண்டவனோ எண்டு ஒருக்காக் கேளுங்கோ.”

அவருடைய அம்மாவும் வன்னியில் என்று எங்களுக்கு அப்போதுதான் தெரியும்.

அன்ரி கேட்டா. போனைக் காதில் வைத்தபடியே மாமாவைப் பார்த்தா.

“காணேல்லையாம், தம்பி.”

கமராவை நிற்பாட்ட மாமாவுக்கு நினைவில்லை. அந்தக் கசெற்றின் கடைசியில் இருப்பது அவருடைய சப்பாத்து மட்டுந்தான், அசையாமல்.

முகம் எப்படி இருந்தது, அழுதாரோ, ஆரும் கிட்டப் போய் எடுத்திருக்கலாமே என்று நினைக்கிறீர்களா? அப்ப நீங்களும் அந்த இனந்தான்.

ரெண்டடி தள்ளி நில்லுங்கோ.