நான் பதனிட்ட பார்லி

ஒரு தொழிலை நன்றாகக் கற்றவன் வீட்டுக்குள் வந்ததும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் குடும்பத்துக்கு நல்லது. நான் உட்காரவில்லை.

ஜெர்மன் சண்டை முடிந்து சில வருஷம் ஆகியிருக்கும். ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு கம்பெனியில் சுண்ணாம்புக் குழிகளை மேற்பார்க்கும் வேலை எனக்கு. தோலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறவைத்தால் மயிர் கழன்றுவிடும். பிறகு ஆவாரம்பட்டைத் தண்ணீர், கடைசியில் கடுக்காய்த் தண்ணீர். எல்லாம் மனப்பாடம். (வேறெதுவும் தெரியாது என்பதுதான் அப்போது தெரியாது.)

என் மனைவி கண்ணம்மாவுக்கு அது முதல் பிரசவம். மாதம் நெருங்கும்போது கால் இரண்டும் வீங்கிவிட்டன. ஆஸ்பத்திரி டாக்டரம்மா காலை அமுக்கிப் பார்த்தார்.

"உப்ப கம்மி பண்ணு. பார்லித் தண்ணி குடு. பேச்சு கொழறினா மட்டும் ஒரு நிமிஷம் நிக்காம இங்க கூட்டினு வந்துடு."

பார்லியை விட்டுவிட்டுப் பேச்சு குழறுவதையே நான் பிடித்துக்கொண்டேன். அவளைப் பேசவைத்துப் பார்ப்பதே வேலையாயிற்று. ஒரு வாய் தண்ணீர் குடித்தால்கூட, "இன்னா குடிச்ச, சொல்லு" என்பேன்.

"தண்ணிதாங்க. உங்களுக்கு இன்னா ஆச்சு?" என்பாள். அப்பாடா, குழறவில்லை.

திருப்பத்தூரிலிருந்து மாமியார் மறுநாள் மாலைதான் வர முடியும். கடைத்தெருவில் டப்பா பார்லி தீர்ந்துபோய், உமி போகாத பார்லிதான் கிடைத்தது. கழுவினேன், தேய்த்தேன், உமி அசையவில்லை. உமி தொண்டையில் சிக்குமோ, சிக்கினால் பேச்சு குழறுமோ என்று மறுபடியும் தேய்த்தேன். அப்போதுதான் அந்த யோசனை வந்தது. எருமைத் தோலில் மயிரையே கழற்றுகிறவனுக்கு இந்த உமி எம்மாத்திரம்?

வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பைக் கரைத்து அதில் பார்லியை ஊறப்போட்டேன். காலையில் பாதி உமி கழன்றிருந்தது. பார்லி மஞ்சளாகி வழவழத்தது. எத்தனை தண்ணீர் மாற்றினாலும் சுண்ணாம்பு வாடை போகவில்லை. கம்பெனியில் என்றால் அடுத்து பட்டையும் கடுக்காயும் வரும். வீட்டில் இருந்தது கடுக்காய்தான். கடுக்காயும் மருந்துச் சரக்குதானே! இடித்துப் போட்டு இரும்புச் சட்டியில் வேகவைத்தேன். கடுக்காய் இரும்பில் பட்டு, கஞ்சி கன்னங்கரேல் என்று ஆகிவிட்டது. பனைவெல்லம் போட்டு, கறுப்புக்கு அதுதான் காரணம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

கண்ணம்மா ஒரு வாய் குடித்தாள். முகம் சுருங்கியது.

"இன்னா குடிச்ச, சொல்லு!"

"ந்நா... ந்நாக்கு... உழ்..."

குழறிவிட்டது!

ஒரு ஜட்காவைப் பிடித்து அவளை ஏற்றி, கஞ்சிச் சட்டியோடு நானும் ஏறினேன். அவள் கையை ஆட்டி ஏதோ சொல்ல வந்தாள். "பேசாத, பேசாத!" என்று கத்தினேன். (அதுவரை பேசு பேசு என்று உயிரை வாங்கியவனும் நான்தான்.) தெரிந்த சாமிக்கெல்லாம் மொட்டை வேண்டிக்கொண்டு வாய்விட்டு அழுதேன்.

"பேஜார் பண்ணாத சார், குதிர மெரளுது" என்றார் வண்டிக்காரர்.

டாக்டரம்மா நாடி பார்த்தார். வயிற்றில் குழலை வைத்துக் கேட்டார்.

"கொழந்த நல்லா இருக்கு. நாக்க நீட்டும்மா."

நாக்கு கறுத்திருந்தது. டாக்டரம்மா சட்டியை முகர்ந்து, கஞ்சியை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். துவர்ப்பில் அவர் முகமும் சுருங்கியது.

"இத யாருப்பா காச்சினது?"

"நான்தாம்மா. மொதல்ல சுண்ணாம்பு, அப்பறம் கடுக்காய்..."

"நீ எங்க வேல செய்ற?"

சொன்னேன். நாற்காலியில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். என் கண்ணிலும் தண்ணீர்தான். ஆனால் நான் சிரிக்கவில்லை. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள் என்று, வேண்டிய சாமிகளையெல்லாம் வரிசையாகக் கும்பிட்டேன்.

மாலையில் வந்த மாமியார், மிச்சமிருந்த பார்லியில் தண்ணீர் தெளித்து, உரலில் லேசாகக் குத்தி, புடைத்து, கலங்கல் போகக் கழுவி வேகவைத்தார். அவ்வளவுதான் விஷயம்.

பிறந்தது ஆண் பிள்ளை. திட்டினால் உறைக்காது, அடித்தால் அழமாட்டான். ஒருமுறை பள்ளிக்கூட வாத்தியாரே வீட்டுக்கு வந்து, "பெரம்புதாம்மா ஒடிஞ்சுது, இவன் அசையல" என்று முறையிட்டார்.

"அவன் இன்னா சார் பண்ணுவான்?" என்றாள் கண்ணம்மா. "வயித்துல இருக்கும்போதே அவங்கப்பா பதம் போட்டுட்டாரே!"

இப்போது அவனுடைய மகனுக்கும் எதுவும் உறைப்பதில்லை. அந்தப் பழியும் என்மேல்தான்.